பழவேற்காட்டுப் பெண்களுக்கு, வயிற்றைப் பற்றி ஒரு மடல்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மீன் விற்கிற, கருவாடு காயவைக்கிற, தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் அத்தைமார்களுக்கும்,

உங்களிடம் மீன் வாங்குகிறவள் நான். பொன்னேரி பஸ்ஸில் உங்கள் கூடைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வருகிறவளும்கூட. அந்தப் பஸ்ஸில் மீன் விலைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அடுத்தபடியாக அடிபடுகிற பேச்சு வயிறுதான். ஒருத்திக்கு நெஞ்செரிச்சல். ஒருத்திக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. இன்னொருத்தி மூலத்தால் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறாள். பேச்சு முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு பொடியின் பேரைச் சொல்வார். போனில் வீடியோ வந்ததாம், ஏழே நாளில் குடலைக் கழுவிவிடுமாம்.

அந்தப் பொடிக் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இப்படி விற்கிற பொடிகள் பலவற்றில் இருப்பது நிலாவரை, அதாவது பேதி மருந்து. சாப்பிட்ட அன்றைக்குப் போகும், நிறுத்தினால் பழைய கதைதான். குடல் என்பது அடைப்பு எடுத்துக் கழுவிவிட வேண்டிய சாக்கடை இல்லை. அதன் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாகிக்கொள்கிறது. காசை வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகளில் வருகிற வயிற்று யோசனைகளிலும் எனக்கு ஒரு குறை உண்டு. காலை எட்டுக்குச் சாப்பிடு, மதியம் ஒன்றுக்குச் சாப்பிடு, இரவு ஏழுக்கு முடித்துக்கொள் என்று எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் ஆபீஸ் போகிறவர்கள். சில்காவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரியில் பிழைக்கிறவர்களுக்கு எட்டு மணி என்பது எந்த மணி? நீர் ஏறுவதையும் வடிவதையும் பார்த்து வலை விட வேண்டும். பாடு, அதாவது வலை விடும் முறை, எந்த ஊருக்கு என்று பார்க்க வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் ஒரு கணக்கு, திறந்திருந்தால் இன்னொரு கணக்கு. வீட்டு ஆண்கள் விடியலில் கரை ஏறினால் நீங்கள் நான்கு மணிக்கே ஏலத்துக்கு நிற்க வேண்டும். இருளர் வீட்டுப் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நகர்ந்து போகிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட உங்களால் முடியாது. ஆனால் வேலையைப் பார்த்துச் சாப்பிட முடியும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை, ஏறியதும் ஒருமுறை. ஏலத்துக்குப் போவதற்கு முன்னால், கூடை காலியானதும். மணி மாறினாலும் இந்த வரிசை மாறாமல் இருந்தால் வயிறு அதைப் பழகிக்கொள்ளும்.

இறங்குவதற்கு முன்னால் என்ன? இப்போது பெரும்பாலும் அது ஒரு கிளாஸ் டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூட இரண்டு வர்க்கி. அப்புறம் பத்து மணிக்கு இன்னொரு டீ. சோறு இரண்டு மணிக்கு மேல்தான். உங்கள் மாமியார் காலத்தில் அந்த இடத்தில் பழையது இருந்தது. சட்டியில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, விடியலில் உப்புப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் ஏரிக்குப் போனார்கள். வீட்டில் இட்லிக்கு வழியில்லை என்று பேர் வந்துவிடுமோ என்று நாம் அதை மறைத்து மறைத்தே விட்டுவிட்டோம். அதே பழையதை இன்று சென்னையில் பெரிய ஓட்டல்கள் மண்சட்டியில் வைத்து விற்கின்றன. உங்களில் பலர் பெரிய வியாதிக்குப் போகிற அதே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வைக் குடல் அறுவை சிகிச்சைத் துறை மருத்துவர்கள் எடுத்துச் செய்தார்கள். மாநிலத் திட்டக்குழு அதற்குப் பணம் ஒதுக்கியது.

ராத்திரியில் அந்தச் சட்டிக்குள் நடப்பது இதுதான். சோற்றில் உள்ள மாவுச்சத்தைத் தின்று லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகுகின்றன. தயிரைப் புளிக்கவைப்பதும் இதே இனம்தான். அவை விடுகிற அமிலம்தான் அந்த லேசான புளிப்பு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காதபடி இறுகியும்விடுகிறது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற நல்ல கிருமிகளுக்கு இரையாகிறது. சோறு ஊறிய அந்த நீராகாரம் தாகத்தையும் தீர்க்கிறது. வெயிலில் நிற்கப் போகிற உடம்புக்கு உப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொடுக்கிறது. பசியாறி, நீர் ஏறி, வயிறு எரியாமல் கிளம்ப இதைவிட மலிவான வழி ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நம்ம கரையில் செய்யும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். இங்கே நிலத்தடி நீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் குழாயிலோ லாரியிலோ கேனிலோ வருகிறது, குடத்தில் நாள் கணக்கில் நிற்கிறது. ஊற்றுகிற தண்ணீர் கெட்டதாக இருந்தால் பழையதும் கெட்டதுதான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். சோறு வடித்த பாத்திரத்தில் அப்படியே விடியும்வரை கிடந்து, பிறகு தண்ணீர் ஊற்றுவது கூடாது. சூடு தணிந்த உடனே சோறு மூழ்க ஊற்றி மூடிவிட வேண்டும். எட்டு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அதற்குள்ளேயே புளித்துவிடும். நூல் விட்டாலும், புளிப்பு வாசனைக்குப் பதிலாக ஊசல் வாசனை வந்தாலும் கோழிக்குக்கூடப் போடாதீர்கள். உப்பைக் குடிக்கும்போது மட்டும், கொஞ்சமாகப் போடுங்கள். கூடக் கடித்துக்கொள்ளத் தினமும் கருவாடு வேண்டாம். வெங்காயம் போதும், மோர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எல்லாவற்றிலுமாகச் சேர்த்து 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டுக் கருவாடும் ஒரு கை ஊறுகாயும் அந்தக் கணக்கை அங்கேயே முடித்துவிடும். உப்பில் ஊறிய உணவு மிகுந்தால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழி என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கருவாடு விற்கிறவர்களிடம் கருவாட்டைக் குறை சொல்லுகிறேனே என்று கோபிக்காதீர்கள். விற்பது நாள்தோறும் விற்கட்டும், குழம்பு வாரத்துக்கு ஒருமுறை கொதிக்கட்டும்.

இனி, பஸ்ஸில் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். மலச்சிக்கல். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சாப்பாடு வயிற்றில் விழுந்ததும், கீழே பெருங்குடலுக்கு ஒரு சேதி போகிறது: மேலே சரக்கு வந்திருக்கிறது, இடம் விடு. அதிலும் ராத்திரி முழுவதும் காலியாகக் கிடந்த வயிற்றில் காலையில் முதலில் விழுவதற்குத்தான் இந்தச் சேதி பலமாகப் போகும். குடித்த கால் மணியிலிருந்து அரை மணிக்குள் வயிறு அசையும். அந்த அரை மணி நேரத்தில் கழிப்பறையில் இருப்பவளுக்கு மருந்து வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவில் இருப்பவள் அடக்கிக்கொள்கிறாள். அடக்கினால் அது அங்கேயே நிற்கிறது. நிற்கிற நேரமெல்லாம் குடல் அதிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அது கல்லாகியிருக்கும், வயிற்றின் அசைவும் அடங்கியிருக்கும். மறுநாள் முக்க வேண்டும். முக்கி முக்கித்தான் மூலம் வருகிறது. நாள்பட அடக்கினால் அந்த உணர்வே மங்கிப்போகிறது. ‘எனக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான்’ என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வெளியே ஒதுங்க இடமில்லை என்பதால் நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏலக்களத்தில், மார்க்கெட்டில், தண்ணீருக்குள் நிற்கும் ஐந்தாறு மணி நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. வெயில் மட்டும் உறிஞ்சுகிறது. ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, வலை காய்கிற கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்துவிடுவார்கள். சிறுநீர்க் கடுப்பும் மலச்சிக்கலும் பெண்களுக்குக் கூடுதலாக வருவதற்கு உடம்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே, கிளம்புவதற்கு முக்கால் மணி முன்னால் எழுந்து பழையதைக் குடித்துவிடுங்கள். டீ வேண்டுமென்றால் அதற்குப் பிறகு. குடித்துவிட்டுக் கூடை கழுவுங்கள், பிள்ளைக்குத் தலை பின்னுங்கள், அந்த அரை மணியை வீட்டிலேயே கழியுங்கள். உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள், முக்காதீர்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும், பிறகு வயிறே எழுப்பும். குத்துக்கால் வைத்து உட்காருவதுதான் குடல் நேராகி எளிதாகப் போவதற்கு ஏற்ற நிலை. முழங்கால் வலிக்கு நாற்காலிக் கழிப்பறை வைத்துக்கொண்டவர்கள் காலுக்குக் கீழே ஒரு சின்ன மணைப்பலகையைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தட்டு. மீனில் எல்லாம் இருக்கிறது, நார்ச்சத்து மட்டும் துளியும் இல்லை. மடவையானாலும் கெளுத்தியானாலும் நண்டானாலும் இறாலானாலும் அதே கதைதான். வெள்ளை அரிசி 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவு. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும். மூன்று வேளையும் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டால் இந்தக் கணக்கு எங்கே நேராகும்? கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராம் இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகிறீர்கள். ஊரே வரிசையில் நின்று குடிக்கிறது, யாருக்கும் வயிறு கெடுவதில்லை. அதே கூழ் ஆவணி பிறந்ததும் அடுப்பை விட்டுப் போய்விடுகிறது. வாரத்தில் மூன்று நாள் பழையதுக்குப் பதில் கூழ் என்று வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தை, மாசியில் பனங்கிழங்கு வருகிறது. நம்ம பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, ஓலையில் கூடை பின்னியே பழவேற்காட்டில் எத்தனையோ வீடுகள் பிழைக்கின்றன. வேகவைத்த கிழங்கின் நாரை உரித்துப் போட்டுவிட்டு மென்று தின்றாலும் மிச்சமிருக்கும் நார் வயிற்றுக்குப் போதும். கொய்யா கிடைக்கிற நாளில் ஆப்பிளை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். முருங்கைக் கீரை வேலியிலேயே நிற்கிறது. மீன் குழம்பு கொதிக்கிற அடுப்பில் பக்கத்தில் ஒரு பொரியல் என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நார் கூடக்கூடத் தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் வாயுதான் மிஞ்சும். ஒரே நாளில் கூட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

‘காரம் தின்றுதான் எனக்கு அல்சர்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். மிளகாய் புண்ணை எரியவைக்கும். ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் அது இல்லை. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்று இரண்டு மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்தில் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு கிருமி காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியை ஒரு கோப்பையில் கரைத்துத் தானே குடித்து, தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமிக்கு மாத்திரை இருக்கிறது, சில வாரத்தில் போய்விடும். அதற்குப் பரிசோதனை செய்து கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் ஜெலுசிலைக் குடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

புண்ணுக்கு இரண்டாவது காரணம் உங்கள் முந்தானை முடிச்சிலேயே இருக்கிறது. வலி மாத்திரை. நாளெல்லாம் கூடை சுமந்த கழுத்துக்கும், குனிந்து மீன் ஆய்ந்த இடுப்புக்கும், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி, வெறும் வயிற்றில், டீயோடு விழுங்குகிற அந்த மாத்திரைதான் இரைப்பையின் உள்பூச்சை அரிக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அது வேண்டியிருக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டியது இடுப்புக்கு. அதுவரை வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தவிர்க்க முடியாத நாளில் சாப்பிட்ட பிறகு போடுங்கள். வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள்: சாராயமும் வலி மாத்திரையும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் ரத்த வாந்தியில் முடியலாம். கரை ஏறியவர்கள் நடுநிசியில் வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே பாயில் சாய்வதால்தான் விடியலில் புளித்த ஏப்பம். ராத்திரி கால் வயிறு, காலையில் முழு வயிறு என்று மாற்றிக்கொள்ளலாம்.

வெற்றிலை பாக்கைப் பற்றிச் சொன்னால் அத்தைமார்களுக்குப் பிடிக்காது. செரிக்கத்தான் போடுகிறோம் என்பீர்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாகச் சொல்லிவிட்டது. சாப்பிட்ட பிறகு வாய் கேட்டால் சோம்பு, இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை ஓமத்தை மென்று வெந்நீர் குடியுங்கள். வாயு கலையும், வாயும் பிழைக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடம் நண்டுக்கும் இறாலுக்கும் மட்டும் இல்லை, வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கும் பிடித்த இடம். காலராக் கிருமி இப்படிப்பட்ட நீரில் கண்ணுக்கு எட்டாத மிதவைப் பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு இயல்பாகவே வாழ்கிறது. அதனால்தான் நண்டும் மட்டியும் உள்வரை வேக வேண்டும் என்பது. வெந்த நண்டை, பச்சையாக வைத்திருந்த அதே தட்டில் திரும்பப் போடக் கூடாது. வங்கதேசத்தில் மத்லப் என்ற ஊர்ப்பக்கம் ஒரு ஆய்வு நடத்தி 2003இல் வெளியிட்டார்கள். குடிக்கிற குளத்து நீரைப் பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடித்து வடிகட்டச் சொன்னார்கள். அந்த ஊர்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புதுப் புடவையைவிடத் துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகிப்போன பழைய புடவைதான் நன்றாகப் பிடித்ததாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் கிடைத்த தண்ணீரைப் புடவையில் வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடியுங்கள். வடிகட்டுவது மட்டும் போதாது.

பிள்ளைக்கு வயிற்றால் போனால் சோற்றை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் நல்ல மருந்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுங்கள். 1971இல் மேற்கு வங்க அகதி முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது திலீப் மகலனோபிஸ் என்ற மருத்துவர் இதே மாதிரி உப்புச் சர்க்கரைத் தண்ணீரை டிரம்மில் கரைத்துக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைப் பிழைக்கவைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் இலவசமாகக் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பிள்ளை கண் குழிந்து, சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

கஞ்சியும் கீரையும் தீர்க்காத வியாதிகள் உண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்தம் கலந்து போவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, சோறு தொண்டையில் சிக்குவது, கண் மஞ்சளாவது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வழக்கமாகப் போகிற விதமே திடீரென்று மாறுவது: இதில் ஒன்று இருந்தாலும் மூலமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், அவர்கள் ஸ்டான்லிக்கு எழுதிக்கொடுத்தால் அன்றைய ஏலத்தை விட்டுவிட்டுப் போங்கள். போகலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேட்கலாம், காசில்லை.

கடைசியாக ஒரு வேலை. இதை ஒருத்தியாகச் செய்ய முடியாது, குழுவாகத்தான் செய்ய வேண்டும். ஏலம் போடுகிற இடத்திலும் படகுத் துறையிலும் மார்க்கெட்டிலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? இருந்தால் விடியல் நான்கு மணிக்கு அது திறந்திருக்கிறதா? தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா? உங்கள் மகளிர் குழுக்கள் ஒரு நாள் சேர்ந்து நடந்து பார்த்து, இடம் இடமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். மனுவாகக் கொடுத்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நான் இருப்பேன், பேனா கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பொன்னேரியிலிருந்து உங்கள் மீன் வாடிக்கைக்காரி